மாறாது என்று எழுதிய நான்கு ரிஜிஸ்டர்கள்

சொர்ணலதாவின் வாயால் ஒருவனுக்கு வேலை போனது. அவள் யாரையும் திட்டவில்லை, யாரைப் பற்றியும் கோள் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் மேலாளர் கேட்ட கேள்விக்கு, "அதரல்லி ஏனூ இல்லா சார்" என்று கன்னடத்தில் பதில் சொன்னாள். அதில் ஒன்றுமில்லை என்றாள், அவ்வளவுதான். அந்தப் பதில் தவறு என்று அவளுக்குத் தெரிய வந்தபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது.

கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூடம் கன்னடத்தில், வீட்டில் தமிழ், கணக்கில் மட்டும் எப்போதும் முதல். மைசூருக்கு டிப்ளமா படிக்க வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில், பெரிய கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்களைத் தாண்டி உள்ளே போனால், லாரி எடை மேடைக்கு எதிரே இரண்டு மாடியில் ஒரு சின்ன கம்பெனி உண்டு. அங்கே கணினிகளின் மின்பலகைகளைக் கழற்றி மாட்டிச் சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ப்ராசஸர் செய்கிறவர்கள் வெளியிடும் கையேடு ஆயிரக்கணக்கான பக்கம் வரும். அதை அச்செடுத்து, நூறு நூறு பக்கமாகத் தைத்து, போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் படித்தாள். புரியாத வரியைத் தாண்டமாட்டாள். ஒரே வரியில் நான்கு நாள் நின்றதும் உண்டு. ஐந்து வருடத்தில், பொறியியல் படித்தவர்கள் அவள் மேசைக்கு வந்து சந்தேகம் கேட்கும்படி ஆனது.

அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆலைகளில் இருபது வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கணினி பழுதாகிவிடும், ஆனால் நிரல் வேண்டும், அது பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். அதனால் புதிய கணினிக்குள் பழைய கணினி ஒன்று இருப்பதுபோல் நடிக்கவைப்பார்கள். உள்ளே ஓடும் நிரலுக்கு அது நடிப்பு என்று தெரியாது. சில ஆலைகளில் இப்படி ஒரு நடிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். அதை அப்படியே தூக்கி இன்னொரு நடிப்புக்குள் வைக்கச் சொல்வார்கள். மூன்று மாடி வீடு மாதிரி என்று சொர்ணலதா சொல்வாள். கீழ்மாடி கம்பெனியுடையது, நடுமாடி ஆலைக்காரர்கள் முன்பே வைத்திருந்தது, மேல்மாடியில் பழைய நிரல் குடியிருக்கிறது. மூன்று மாடிக்கும் சேர்த்து ப்ராசஸர் ஒன்றுதான். ஆள் மாற்றி ஆள் அதில் உட்கார வேண்டும்.

ப்ராசஸருக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன அறைகளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். மேல்மாடிக்காரன் எழுந்து நடுமாடிக்காரன் உட்காரும்போது, எழுந்தவனின் எண்களை ஒன்று விடாமல் எழுதிவைக்க வேண்டும். மறுபடி அவன் வந்து உட்காரும்போது அதே எண்களை அறைகளில் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரல்கோப்பு சொர்ணலதாவுடையது. நினைவகத்தின் எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு என்று சொல்லும் அட்டவணைகள் இன்னொருவர் பொறுப்பு. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பது அந்த ஆபீசின் வழக்கம். ஏதாவது வேண்டுமென்றால் மேசைக்குப் போய்க் கேட்பார்கள். கேட்டதும் சொன்னதும் எங்கும் பதிவாகாது.

அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன்தான் ஹேமந்த். மைசூரில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தொரு வயது. தமிழ் பேசுவான், நடுநடுவே ‘அல்லவா’ என்பதற்குக் கன்னடத்து ‘அல்வா’ வந்து விழும்; தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு வருடம் தகுதிகாண் காலம், அது முடிந்தால் நிரந்தரம் என்று சேர்த்திருந்தார்கள். அதுவரை கம்பெனியில் பழைய முறை இருந்தது. மேல்மாடி நிரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ரிஜிஸ்டரை மாற்றும். அதற்கு சிஆர்3 என்று பெயர். பழைய முறையில் அது மாறும் ஒவ்வொரு தடவையும் கீழ்மாடிக்கு இறங்கி வந்து சொல்லிவிட்டுத்தான் மாறும். பத்திரமானது, ஆனால் மெதுவானது. ஹேமந்த் அதை மாற்றினான். நடுமாடியின் அட்டவணையையும் கீழ்மாடியின் அட்டவணையையும் ஒன்றாகச் சேர்த்து ப்ராசஸரிடமே கொடுத்துவிட்டான். இனி மேல்மாடிக்காரன் தன் இஷ்டத்துக்கு சிஆர்3-ஐ மாற்றிக்கொள்ளலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வேகம் மூன்று மடங்கானது.

அந்த வேலையின் நடுவில் ஒருநாள் காலை அவன் சொர்ணலதாவின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, ஒந்து நிமிஷ."

"சொல்லுங்க தம்பி. ஒரு நிமிசம்னு வந்து மத்தியானம் வரைக்கும் நிக்கக் கூடாதுங்."

"இல்ல அக்கா, சின்ன டவுட்டு. மேல இருந்து நடுவுக்குப் போறப்ப அந்த நாலு ரிஜிஸ்டர் இருக்கல்ல, அத நடுவோட பதிவுல எழுதாம விடறோம் அல்வா? எழுத வேண்டாமா?"

அந்த நான்கும் பழைய இயங்குதளத்துக்கே உரிய விசேஷம். சிஆர்3 மாறும்போது, புது அட்டவணையின் தலையில் இருக்கும் நான்கு வரிகளை ப்ராசஸர் படித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு நினைவகத்துக்குப் போய்ப் பார்க்காது, கையில் இருக்கும் நான்கையே நம்பும்.

சொர்ணலதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிஆர்3 மாறாம அது எப்படீங் மாறும்? மாறுனா நமக்கு வந்து சொல்லீருமில்ல?"

"என்னோடதுல…" என்று இழுத்தான் ஹேமந்த்.

"உங்க அட்டவணைய நீங்க பாருங். ரிஜிஸ்டர நான் பாத்துக்கறேன். ஏழு வருசமா ஓடுது, அதயப் போயி நோண்டாதீங்க."

"ஓகே அக்கா. நீங்க சொன்னா சுப்ரீம் கோர்ட்டு." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

புதிய முறை ஓட ஆரம்பித்த நான்காம் நாள் ஒரு காகித ஆலையிலிருந்து புகார் வந்தது. அங்கே இரண்டு கொதிகலன்கள். ஒரே நிரலை இரண்டு பிரதியாக ஓடவிட்டு, ஒன்று முதல் கொதிகலனையும் மற்றது இரண்டாவதையும் பார்க்கும். இரண்டாவதன் திரையில் முதலாவதன் வெப்பநிலை ஒரு நொடி வந்துவிட்டுப் போகிறது என்றார்கள். கொதிகலனின் மேல் முள் வைத்த பழைய மானி இருந்ததால் காவலில் இருந்த ஆள் அதை நம்பிச் சமாளித்துவிட்டான். சேதம் எதுவும் இல்லை. ஆனால் ஆலைக்காரர்கள் பயந்துபோனார்கள்.

மேலாளர் நஞ்சுண்டசாமி எல்லோரையும் உட்காரவைத்தார். அதிர்ந்து பேசாத மனிதர், ஆனால் சுற்றி வளைக்கமாட்டார்.

"ஒரு நிரல் இன்னொன்றின் பக்கத்தைப் படிக்கிறது. அட்டவணையா, ரிஜிஸ்டரா?" என்று கேட்டுவிட்டு சொர்ணலதாவைப் பார்த்தார். "ரிஜிஸ்டர் பக்கம் ஏதாவது?"

அப்போதுதான் அவள் அந்தப் பதிலைச் சொன்னாள். ஏழு வருடமாக ஓடுவதையும் சேர்த்துச் சொன்னாள். ஹேமந்த் ஒன்றாகச் சேர்த்த அட்டவணையில் பழைய வரி ஏதாவது நீங்காமல் தங்கியிருக்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னாள். அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. அவள் சொன்னால் சோதித்ததாகத்தான் இருக்கும் என்று அறையில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள்.

ஹேமந்தின் மாற்றத்தை எடுத்துவிட்டு பழைய முறைக்குத் திரும்பினார்கள். பிழை நின்றுவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஹேமந்துக்கு மட்டும் தேவைப்பட்டது. மூன்று வாரம் தன் நிரலை வரி வரியாகப் படித்தான். ஒன்றும் அகப்படவில்லை. தகுதிகாண் காலம் முடிந்தது, நிரந்தரம் ஆக்கவில்லை.

கடைசி நாளில் மேசைக்கு வந்து நின்றான். "வரேன் அக்கா. எங்கயோ இருக்கு, என் கண்ணுக்குத்தான் தெரியல."

"வேற எடத்துல நல்லாக் கெடைக்குங் தம்பி" என்றாள் சொர்ணலதா. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆலை வேகம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. ஹேமந்தின் பழைய வேலையைத் தூசி தட்டி எடுக்கச் சொன்னார்கள். தவறைக் கண்டுபிடித்து நீக்குவது சொர்ணலதாவின் பொறுப்பு. அவளுக்கே உரிய பொறுமையோடு உட்கார்ந்தாள். பத்து நாள் அவன் எழுதியதைப் படித்தாள். சுத்தமாக இருந்தது. அவள் எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கமாட்டாள்.

படித்தால் மட்டும் ஆகாது என்று ஒரு சின்னச் சோதனை நிரல் எழுதினாள். ஒரே நிரல் இரண்டு பிரதியாக ஓடும். ஒன்று எப்போதும் ஏழு என்று எழுதிவைத்துத் திரும்பப் படிக்கும், மற்றது ஒன்பது என்று எழுதிவைத்துப் படிக்கும். மாற்றிப் படித்தால் அந்தக் கணத்தில் எல்லா ரிஜிஸ்டர்களையும் கொட்டிக் காட்ட வேண்டும். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு ஒன்பது படிக்க வேண்டியது ஏழு படித்தது.

கொட்டியதைப் பார்த்தாள். சிஆர்3 புதியது, ஒன்பதாம் நிரலுக்கு உரியது. அதன் கீழே அந்த நான்கு ரிஜிஸ்டர்கள், பழையவை, ஏழாம் நிரலுக்கு உரியவை.

தலையைப் பார்த்தால் ஒருவன், உடம்பைப் பார்த்தால் இன்னொருவன். அட்டவணையில் ஒரு பிசகும் இல்லை. மேல்மாடி எழுந்து நடுமாடி உட்கார்ந்தபோது அந்த நான்கையும் யாரும் எழுதிவைக்கவில்லை. திரும்பி வந்தபோது எப்போதோ எழுதிவைத்த பழைய நான்கையே போட்டிருக்கிறார்கள். அவளுடைய கோப்பைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. சிஆர்3 மாறினாலொழிய இவை மாறாது, இங்கே எழுத வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு, கீழே அவளுடைய முதலெழுத்துகள், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. நேரம் மிச்சப்படுத்தியதற்காக அன்றைக்குப் பாராட்டு வாங்கியிருந்தாள். சிஆர்3 இறங்கி வந்து சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அது உண்மை. சொல்லாமல் மாறும் காலம் வந்ததும் அந்த வரி பொய்யாகிவிட்டது. அந்தக் காலத்தைக் கொண்டுவந்தவன் மேசைக்கு வந்து, சரியாக அந்த இடத்தில் விரல் வைத்து, எழுத வேண்டாமா என்று கேட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு வரி சேர்த்தாள். சோதனையை மூன்று நாள் ஓடவிட்டாள். ஏழு ஏழாகவும் ஒன்பது ஒன்பதாகவும் இருந்தன.

நஞ்சுண்டசாமியிடம் போனபோது அவர் சந்தோஷப்பட்டார். "குட். ஆலைக்குச் சொல்லிவிடலாம்."

"சார், ஹேமந்த் மேல தப்பில்ல. அன்னிக்கு நான் சொன்னதுதான் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஈகா யாக்கம்மா அது, இப்ப எதுக்கு? அவன் போயி ரெண்டு வருஷம். ஃபைல் மூடியாச்சு. கூப்பிட்டு வேலை கொடுக்க இப்ப இடமும் இல்லை."

"வேலை கேக்கலீங்க சார். பதிவுல மாத்தி எழுதணும்."

"எழுதிக்கோ. ஒரு வரி போதும்."

ஒரு வரி போதவில்லை. பிழை அட்டவணையில் இல்லை, ரிஜிஸ்டர்களைக் கையாண்டதில் இருந்தது. முன்பு சொன்ன காரணம் சோதிக்காமல் சொன்னது. இதைப் பற்றி ஹேமந்த் முன்கூட்டியே கேட்டான், நான் வேண்டாம் என்றேன் என்று ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதி, முழுப் பெயரையும் போட்டாள். அதைத் திறந்து படிக்கப்போகிறவர்கள் மொத்தம் மூன்று பேர் இருப்பார்கள்.

ஹேமந்த் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், மாமனாரின் உரக்கடையில் இருக்கிறான் என்று அவளுடைய கணவன் அய்யாவுக்குத் தெரிந்திருந்தது. ஹெப்பாளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஒன்றை அய்யாவு ஓட்டுகிறான், அந்த வட்டாரத்தில் யார் எங்கே போனார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இராது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப் போனான்.

"போன்ல சொன்னாப் பத்தாதா புள்ள? ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் நானு வண்டி ஓட்டாத நாளு."

"இதும் வண்டிதான? ஓட்டுங்."

"அடிச்சாருன்னா?"

"அடிச்சா வாங்கிக்கறேன்."

அய்யாவு வேகத்தைக் கூட்டினான்.

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் கடை இருந்தது. யூரியா மூட்டைகளின் மணம் வாசலிலேயே வந்தது. கல்லாவில் ஹேமந்தின் மனைவி காவேரி இருந்தாள். உள்ளே ஹேமந்த் பூச்சிமருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தான்.

"அய்யய்யோ, லதா அக்கா! பன்னி பன்னி, வாங்க. சுப்ரீம் கோர்ட்டே கடைக்கு வந்திருக்கு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சிஆர்3 புதியது, நான்கும் பழையவை என்று சொன்ன நொடியில் அவன் கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"இருங்க இருங்க. மேல சிஆர்3 மாத்திட்டு, அடுத்த மாத்தத்துக்கு முன்னால நடுவுக்குப் போயிட்டு வந்தா மட்டும். அதான் எப்பவாவது ஒரு தடவ. ரெண்டும் ஒரே நிரல் அல்வா, அதனால விழாம ஓடிடுச்சு. வேற வேற நிரலா இருந்தா அப்பவே விழுந்திருக்கும், அன்னிக்கே மாட்டியிருக்கும்!" விரலால் மேசைமேல் மூன்று மாடிகளையும் வரைந்தான். அவள் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்து புரிந்துகொண்டதை அவன் நின்ற இடத்தில் முடித்துவிட்டான். கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அப்ப என்னோடது சரியாதான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு தம்பி."

"நான் கேட்டேன் அல்வா அக்கா உங்ககிட்ட?"

"கேட்டீங்க."

"என்னோடதுல சிஆர்3 கீழ வராதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க சொன்னதும் விட்டுட்டேன். லதா அக்காவே சொல்றாங்கன்னா நமக்குத்தான் எங்கயோ புரியலன்னு." சற்று நேரம் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "ரெண்டு இன்டர்வ்யூ போனேன். ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. என் நிரல்ல ஒரு தப்பு, கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலன்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். யார் எடுப்பாங்க? அப்புறம் நானே நிறுத்திட்டேன். எதப் படிச்சாலும், இது என் கண்ணுக்கு சரியாத் தெரியுது, அப்ப தப்பாத்தான் இருக்கும்னு தோணும்."

சொர்ணலதா கைப்பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்தாள். கம்பெனிப் பதிவில் எழுதிய எட்டு வரி அதில் இருந்தது. "இத வெச்சுக்கிட்டு எங்க வேணாலும் காட்டுங்க. யாரு கேட்டாலும் என் நம்பரக் குடுங்க. நான் சொல்றேன்."

அவன் வாங்கிப் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இதெல்லாம் விடுங்க அக்கா. அங்க சொல்லுங்க." கல்லாப் பக்கம் தலையை ஆட்டினான். "என் தப்புன்னு நானே அவகிட்ட சொன்னேன். நான் மாத்திச் சொன்னா கடைய விட்டுத் தப்பிக்க வழி பாக்கறேன்னு நினைப்பா."

காவேரிக்கு நடுமாடியும் மேல்மாடியும் தெரியாது. ரிஜிஸ்டர் என்றால் அவள் முன்னால் இருக்கும் நீளமான நோட்டுத்தான். சொர்ணலதா எங்கே தொடங்குவது என்று தடுமாறினாள். காகித ஆலையிலிருந்து தொடங்கினாள், பாதியில் விட்டாள். பழைய முறை, புதிய முறை என்றாள், அதையும் விட்டாள். இத்தனை வருடத்தில் யாருக்கும் எதையும் விளக்க முடியாமல் அவள் நின்றதில்லை.

"அக்கா, எனக்கு அதெல்லாம் புரியாது" என்றாள் காவேரி. "இவர் பண்ணது சரியா, தப்பா?"

"சரிங்க."

"தப்பு யாரோடது?"

"என்னோடதுங்க."

"அன்னிக்கு மீட்டிங்ல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். இவருக்கு எதுத்த சேர்ல."

"பாத்துட்டுச் சொன்னீங்களா, பாக்காம சொன்னீங்களா?"

நாலு பேர் உட்கார்ந்த அந்த அறையில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. புரியாத வரியைத் தாண்டாதவள் என்று பெயர் வாங்கியவள் அதற்குப் பதில் சொன்னாள்.

"பாக்காம சொன்னேங்க."

இரண்டு மூட்டை பொட்டாஷ் கேட்டு ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுக்க ஹேமந்த் உள்ளே போனான். காவேரி பணத்தை வாங்கி நோட்டில் எழுதினாள்.

"எங்கப்பா தெனமும் இவர ஒரு வார்த்த சொல்லாம சாப்பிட மாட்டார்" என்றாள் பிறகு. குரல் உயரவில்லை. "இஞ்சினியர் மாப்ளன்னு கட்டிக்குடுத்தேன், வேலையே தெரியாம வந்து உக்காந்துட்டான்னு. இவரும் கேட்டுக்கிட்டே இருப்பார். எங்கிட்ட சொன்னத அப்படியே அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க. அஞ்சு மணிக்கு வருவார்."

அப்போது மூன்றரை. வாசலில் அய்யாவு பைக்கின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சொர்ணலதா வெளியே வந்து, "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றாள். எதற்கு என்று கேட்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது ஹேமந்த் மூட்டைகளுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். பெரியவருக்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டுமா தமிழிலா என்று அவனிடம் கேட்டாள்.

"எதுல வேணா சொல்லுங்க அக்கா" என்றான். "மெதுவா மட்டும் சொல்லுங்க. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ரெண்டு தடவ கேப்பார்."